காலைக் கட்டத்து மாத்திரைகள்

பிப்ரவரி 6

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. நாங்கள் மூவரும் எப்படி இருக்கிறோம் என்பதைக் கடைசிப் பத்தியில் ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய ஆய்வுக் கட்டுரையும் அதிலிருந்து குடும்பங்களுக்காக எழுதிய கையேடும் வந்து சேர்ந்தன. கட்டுரையை மூன்று முறை படித்தேன். அப்பாவைப் போல மறதி நோய் வந்தவர்கள் வீட்டில் மருந்து சாப்பிடும்போது எத்தனை விதமாகத் தவறு நடக்கும் என்று நீங்கள் போட்டிருந்த அட்டவணையை என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டது அம்மா. பக்கத்து வீட்டாரிடம், "எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. அச்சுல வந்திருக்கு பாருங்க" என்று காட்டிவிட்டு வந்தார்.

கையேட்டில் சொன்ன மூன்று கட்ட மாத்திரை டப்பாவை வாங்கிவிட்டோம். காலை, மதியம், இரவு. இரவில் அம்மா அலமாரியிலிருந்து அட்டைகளை எடுத்து மறுநாளுக்கு நிரப்பி வைப்பார். அம்மா பேருந்து நிலைய டிக்கெட் கவுண்டருக்கு ஆறு மணிக்கே கிளம்பிவிடுவதால் காலை மாத்திரை என் பொறுப்பு. ஏழரைக்கு அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன். இரண்டரை மணிக்கு அம்மா திரும்பி வந்து மற்ற வேளைகளைப் பார்த்துக்கொள்வார். இடையில் அப்பா தனியாகத்தான் இருக்கிறார். வானொலி கேட்கிறார், நடக்கிறார், ஜன்னலைத் துடைக்கிறார்.

பிரச்சினை இதுதான். அம்மா வந்து பார்க்கும்போது பல நாள் காலைக் கட்டம் அப்படியே நிறைந்திருக்கிறது. முதல் நாள் எனக்குத்தான் திட்டு. "படிக்கிறேன் படிக்கிறேன்னு தலையைப் புத்தகத்துல விட்டுட்டு அப்பனுக்கு மருந்து குடுக்க மறந்துட்டியா?" என்றார். நான் கொடுத்தேன் என்று அழுதேன். அடுத்த விடுமுறை நாளில் அம்மாவே எதிரில் உட்கார்ந்து, அப்பா விழுங்குவதைப் பார்த்தார். துணி துவைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தால் கட்டம் மறுபடி நிறைந்திருந்தது.

உங்கள் கையேட்டின் பன்னிரண்டாம் பக்கம் அப்போதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. "நோயாளி மாத்திரையை வாயிலேயே அடக்கி வைத்திருந்து பிறகு துப்பி, டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிடலாம். கட்டம் நிறைந்திருந்தால் மருந்து உள்ளே போகவில்லை என்று கொள்க. மீண்டும் கொடுக்கவும். 'சாப்பிட்டுவிட்டேன்' என்ற சொல்லை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்." இதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா அப்பாவைப் பார்த்து, "இருபத்தாறு வருஷம் மருந்துக் கடையில நின்னு ஊருக்கெல்லாம் மாத்திரை குடுத்த மனுஷன். ஒரு மாத்திரையை முழுங்கத் துப்பில்ல, துப்ப மட்டும் தெரியுது" என்றார். அப்பா சிரித்தார். நல்ல வாக்கியம் என்று நினைத்திருப்பார்.

இப்போது நான் ஒரு முறையைக் கண்டுபிடித்திருக்கிறேன். மாத்திரை கொடுத்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்க்கிறேன். முதல் நாள், "என்ன புழு, உள்ள பல்பு ஃபியூஸ் போயிடுச்சா?" என்று கேட்டார். (புத்தகப் புழு என்பதைச் சுருக்கி எனக்கு அவர் வைத்த பெயர்.) மாலையில் அம்மா இரண்டாம் முறை கொடுக்கும்போது மட்டும் தகராறு செய்கிறார். "காலையிலயே போட்டுட்டேன்" என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார். நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்வோம். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது என் கண்டுபிடிப்பு. அம்மா என்னைப் பாராட்டினார். அப்பாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. அது மூச்சு முட்டியதால் வந்ததாகத்தான் இருக்கும்.

நீங்கள் கேட்டபடி நோட்டில் கோடு போட்டு எழுதி வருகிறேன். முப்பத்திரண்டு நாளில் பத்தொன்பது முறை திரும்பக் கொடுத்திருக்கிறோம். "பிற குறிப்புகள்" என்று நானாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அதில் ஒரு சந்தேகம். துப்பிய மாத்திரை என்றால் ஓரம் கரைந்திருக்க வேண்டாமா? கட்டத்தில் இருப்பவை புதிதாக, பளபளவென்று இருக்கின்றன. ஏன் அத்தை?

நீங்கள் ஆராயும் அறுபத்து மூன்று வீடுகளில் எங்கள் வீடும் ஒன்றாக உங்கள் புத்தகத்தில் வரப்போகிறது என்பதை வகுப்பில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வந்த பிறகு சொல்வேன்.

உங்கள் உதவியாளர் ஆக ஆசைப்படும்,
அண்ணன் மகள்


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பதில் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. அறுபத்து மூன்று வீட்டு நோட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதனால் "பிற குறிப்புகள்" வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அன்றே அதை நிறுத்திவிட்டேன். ஆனால் இந்தக் கடிதம் முழுவதும் பிற குறிப்புகள்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் அப்பா என்னைத் தள்ளிவிட்டார். மூக்கைப் பிடித்தபோது. செருப்பு அலமாரியில் முட்டி எனக்கு முழங்கை வீங்கியது. "ஆக்ரோஷம்" என்ற பத்தியில் அதை நீங்கள் சொன்னபடி எழுதினேன். அந்தப் பக்கத்தை டாக்டரிடம் அம்மா காட்டினார். டாக்டர் அமைதிக்காக ஒரு மஞ்சள் மாத்திரை சேர்த்தார். அதுவும் காலைக் கட்டத்தில்தான். அதற்குப் பிறகு அப்பா எங்களைத் தள்ளுவதில்லை. அவரால் நேராக நிற்கவே முடியவில்லை. குளியலறையில் இரண்டு முறை விழுந்தார். புருவத்தில் நான்கு தையல். என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று மரியாதையாகக் கேட்கிறார்.

அதனால்தான் அம்மா காப்பகம் என்று பேச ஆரம்பித்தார். நீங்களே சிபாரிசு செய்து ஓர் இடம் வாங்கித் தந்ததாகவும், இந்த மாதம் இருபதாம் தேதி அப்பாவைக் கொண்டுபோய் விட வேண்டும் என்றும் சொன்னார். அதற்குள் நீங்கள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட வேண்டும்.

இன்று தேர்வு என்பதால் பதினொன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா சமையலறை அலமாரியின் முன் நின்றுகொண்டிருந்தார். சுவரைப் பிடித்தபடிதான் நின்றார். ஆனால் கை நடுங்கவில்லை. கையைக் கழுவித் துடைத்தார். மாத்திரை அட்டைகளை இறக்கினார். தேதியைப் படித்தார். சின்னக் கத்தரியால் அட்டையில் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு நீளமானது என்று நறுக்கி, பிரித்து, காலைக் கட்டத்தில் போட்டார். எதிரில் யாரோ நிற்பது போல, "காலையில சாப்பிட்டதும் ஒண்ணு ஒண்ணு. வெறும் வயித்துல வேணாம்மா. ரெண்டா போட்டுடாதீங்க, தலை சுத்தும்" என்றார்.

அத்தை, ஒன்றுகூடத் தப்பில்லை. சட்டையை உள்ளும் புறமும் மாற்றிப் போட்டிருந்தார். மாத்திரைகளை மாற்றவில்லை.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "மத்தியானம் கடை மூடறதுக்குள்ள காலி டிராயரெல்லாம் நிரப்பிடணும். காலியா இருந்தா முதலாளி கத்துவாரு" என்றார். இருபத்தாறு வருடம் தினமும் செய்த வேலை. காலைக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறார், நிரப்பியிருக்கிறார்.

அவர் துப்பவே இல்லை. ஒரு முறைகூட. காலையில் போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னது எல்லா நாளும் உண்மை.

நான் அட்டைகளை எண்ணினேன். மார்ச் முதல் தேதி தொண்ணூறு வெள்ளை மாத்திரை வாங்கினோம். இன்று முப்பத்து மூன்றாவது நாள். ஐம்பத்தேழு மீதி இருக்க வேண்டும். இருபத்தைந்து இருக்கிறது. குறைவது முப்பத்திரண்டு. திரும்பக் கொடுத்ததாக நோட்டில் இருப்பது முப்பத்தொன்று. மீதி ஒன்று என் கண்ணெதிரே கட்டத்தில் கிடந்தது. சென்ற தடவை மூன்று மாத மருந்து ஐம்பத்தைந்து நாளில் தீர்ந்தபோது, கடைக்காரன் எண்ணிக்கையில் ஏமாற்றிவிட்டான் என்று அம்மா போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். அப்போதாவது நான் எண்ணியிருக்க வேண்டும்.

மாலையில் அம்மாவிடம் கணக்கைக் காட்டினேன். ஏழு மணி நேரம் கவுண்டரில் நின்றுவிட்டு வந்தவர். "சட்டைப் பொத்தான் போடத் தெரியாத மனுஷன் மாத்திரை பிரிச்சு வெப்பாராக்கும். உங்கப்பாவைக் காப்பகத்துக்கு அனுப்பக்கூடாதுன்னு கதை கட்டற. கதைப் புத்தகம் படிச்சுப் படிச்சு இதுதான் வருது" என்றார். நேரில் காட்டுகிறேன் என்று அப்பாவை அலமாரி முன் நிறுத்தினேன். சாயங்காலம் டிராயர் நிரப்பும் நேரம் அல்லவே. அப்பா அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கால்சட்டையிலேயே சிறுநீர் போய்விட்டது. அம்மா, "பாத்துக்கோ உன் கம்பவுண்டரை" என்றார்.

கடைசியில் அம்மா சொன்னது இது: "உங்க அத்தை அச்சுல எழுதினவ. நீ ஒம்பதாங் கிளாஸ். அவ சொல்லட்டும், நான் கேக்கறேன்." 

ஆகவே அத்தை, நீங்கள் ஒரு முறை தொலைபேசியில் பேசினால் போதும். இருபதாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதுவரை இரண்டாவது வேளையைக் கொடுக்க விடாமல் தடுக்கப் பார்க்கிறேன். ஆனால் இப்போது அப்பா எதிர்க்காததால், நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் அம்மாவே கொடுத்துவிடுகிறார்.

பன்னிரண்டாம் பக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அது அவசரமில்லை.

உங்கள் தொலைபேசிக்குக் காத்திருக்கும்,
அண்ணன் மகள்


மே 21

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் புத்தகம் பத்தாம் தேதி வெளியானதையும் உங்களுக்கு விருது கொடுத்ததையும் அம்மா சொன்னார். வாழ்த்துகள். எங்களுக்கு வந்த பிரதியைப் படித்துவிட்டேன். எண்பத்தோராம் பக்கத்தில் "ஒரு வீட்டில் பதினான்கு வயது மகள்" என்று வருவது நான்தான். பன்னிரண்டாம் பக்கத்து வரிகள் அப்படியே முப்பதாம் பக்கத்தில் இருக்கின்றன.

ஏப்ரலில் நீங்கள் தொலைபேசியில் பேசவில்லை. கடிதம் எழுதினீர்கள். அறுபத்து மூன்று வீடுகளின் முடிவை ஒரு வீட்டு அலமாரி மாற்றாது என்றும், தகப்பனைக் காப்பகத்துக்கு அனுப்பும்போது குழந்தைகளுக்கு இப்படிக் குற்ற உணர்ச்சி வருவது இயல்பு என்றும், கடைசி வாரத்துப் பக்கத்தை மட்டும் மறக்காமல் அனுப்பும்படியும் எழுதியிருந்தீர்கள். அனுப்பினேன். அதே உறையில் அம்மாவுக்கு நீங்கள் வைத்திருந்த தனிக் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. என்னிடமிருந்து நோட்டை வாங்கி வைத்துவிடும்படி அதில் எழுதியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அம்மா இரவில் டப்பாவை நிரப்பியதும், காலையில் மாத்திரை அட்டைகளை எல்லாம் என் பள்ளிப் பையில் போட்டு எடுத்துப் போனேன். மாலையில் திரும்ப வைத்தேன். அலமாரியில் எதுவும் இல்லாததால் அப்பாவால் நிரப்ப முடியவில்லை. இரண்டரைக்கு அம்மா பார்க்கும்போது கட்டம் காலி. "அப்பாடா, இன்னிக்கு ஒழுங்கா முழுங்கியிருக்காரு" என்றார். மூன்று நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்து, "என்ன புழு, பரீட்சை முடிஞ்சுதா?" என்று கேட்டார். கணக்குத் தேர்வில் எவ்வளவு வரும் என்று கேட்டார். தங்கச்சி கடிதம் போட்டாளா என்று உங்களையும் கேட்டார்.

நான்காம் நாள் காலை அம்மா விடுப்பு எடுத்திருந்தார். நோட்டைத் தேடி என் பையைத் திறந்தார். அட்டைகள் இருந்தன.

அம்மா என்னை அதுவரை அடித்ததில்லை. "அப்ப இத்தனை நாளும் நீதானா? மாத்திரையை எடுக்கறதும் நீ, வெக்கறதும் நீ. அந்த மனுஷனை நாலு மாசமா கையைக் காலைப் பிடிச்சுத் திணிக்க வெச்சியேடி, பாவி" என்றார். நான் விளக்கினேன். எவ்வளவு விளக்கினேனோ அவ்வளவு அது நானே செய்தது போல ஆனது. இப்போது யோசித்துப் பார்த்தால் அம்மா மேல் தப்பில்லை. கட்டம் நிறைவதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. ஒன்று நீங்கள் அச்சில் எழுதியது, இன்னொன்று நான் சொன்னது. மூன்றாவதாக ஒன்று கண்ணெதிரே பையில் இருந்தது. இருபதாம் தேதி வரை காத்திருக்கவில்லை. பதினாறாம் தேதியே அப்பாவைக் கொண்டுபோய் விட்டார்.

கொஞ்சம் தெளிந்திருந்தார் அல்லவா, அதனால் எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. காரில் ஏறும்போது அம்மாவிடம், "நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லிடு, இனிமே பண்ண மாட்டேன்" என்றார். பழையபடி இரட்டை மருந்தோடு விட்டிருந்தால் தெரியாமலே போயிருப்பார். அந்த மூன்று நாள் நான் செய்தது நல்லதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காப்பகத்தில் மருந்து பூட்டிய அறையில் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு வேளை மருந்து ஒரு தடவைதான் கிடைக்கிறது. ஒரு மாதத்தில் தையல் போட்ட காயம் ஆறி, எடை கூடி, செய்தித்தாள் படிக்கிறார். "பாத்தியா? சரியான கை பட்டா மனுஷன் எப்படி ஆயிட்டாரு" என்கிறார் அம்மா. காப்பகத்தின் டாக்டரும் உங்கள் புத்தகத்தைக் காட்டி அதையேதான் சொன்னார். முப்பதாம் பக்கத்தை நகல் எடுத்து மருந்து அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

சென்ற ஞாயிறு நான் உள்ளே நுழைந்ததும் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கிக் காட்டினார். என்னைப் பார்த்ததும் அது தானாக வருகிறது. வேறு யாருக்கும் அவர் அப்படிச் செய்வதில்லை என்று நர்ஸ் அக்கா சொன்னார். நான் வேண்டாம் அப்பா என்றேன். வாயை மூடிவிட்டு, பிறகு மெல்லிய குரலில், "நான்தான் போட்டுட்டேன்னு சொன்னேனே. நீகூட ஏன் புழு நம்பல?" என்று கேட்டார். மருந்து குறைந்ததில் அது நினைவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. மற்றதெல்லாம் மறந்து போகிறது, இது போகவில்லை.

அத்தை, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வீட்டிலேயே இருக்கலாம், அந்த அளவுக்குத் தேறிவிட்டார் என்று காப்பகத்து டாக்டர் சொல்கிறார். ஆனால் வீட்டில் மருந்து ஏன் தவறியது என்பதற்குக் காரணம் எழுத்தில் வேண்டுமாம். சிபாரிசு செய்தவர் என்ற முறையில் நீங்களும் சம்மதிக்க வேண்டுமாம். அலமாரிதான் காரணம் என்று நான் சொன்னால் உங்கள் புத்தகம் பொய்யாகிவிடும், நீங்கள் கையெழுத்துப் போட மாட்டீர்கள். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்து எழுதுகிறேன்.

ஆகவே இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். "ஜனவரி ஐந்து முதல் ஏப்ரல் பதினைந்து வரை என் தந்தையின் மாத்திரைகளை நான்தான் எடுத்து எடுத்துத் திரும்ப வைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை" என்று என் கையெழுத்தில் எழுதி, கீழே முழுப் பெயர் போட்டிருக்கிறேன். அம்மா அதைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். அப்பா வீட்டுக்கு வந்தால் நான் அங்கே இருப்பது சரியில்லை என்று மட்டும் சொன்னார். ஜூனில் வேறு ஊரில் விடுதியோடு உள்ள பள்ளியில் சேர விண்ணப்பம் வாங்கியாகிவிட்டது. நூலகம் பெரியது என்கிறார்கள். நான் இல்லாவிட்டால் அப்பாவுக்கும் யாரைப் பார்த்தும் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

இந்தத் தாளை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பும்போது, சமையலறை அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடச் சொல்லி அம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம். நீங்கள் சொன்னால் அம்மா காரணம் கேட்க மாட்டார். நான் இல்லாத வீட்டில் பதினொன்றரை மணி வந்துகொண்டேதான் இருக்கும் அத்தை. பூட்டு மட்டும் போடச் சொல்லுங்கள்.

உங்கள் வேலைகள் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
எண்பத்தோராம் பக்கத்துப் பெண்